ஐந்து எவர்சில்வர் டம்ளர்

சந்திரகலாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் தண்ணீர் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. எத்தனை வேலை இருந்தாலும் எழுந்து போய் மொண்டு கொடுத்துவிட்டுத்தான் உட்காருவாள். ஊரில் இதை நல்ல குணம் என்பார்கள். அவளும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

1989இல் வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. வாசலில் 'சளிப் பரிசோதனை' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையைப் படித்தவர்கள் நாலடி தள்ளித்தான் நடப்பார்கள். படிக்காதவர்களும் படித்தவர்களைப் பார்த்துத் தள்ளி நடப்பார்கள்.

வேலை இதுதான். காசநோய் என்று சந்தேகப்பட்டவர்கள் இருமித் துப்பிய சளி டப்பாக்கள் காலையில் வரும். குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் தடவி, சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றிக் கழுவி, நீலச் சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலத்துக்கு நடுவில் சிவப்பாகச் சின்னக் குச்சிகள் தெரிந்தால் நோய். ஒரு கண்ணாடியில் நூறு இடம் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுதலாம். மற்ற இடங்களில் இருபது இடம் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. இவள் நூறும் பார்ப்பாள். கழுத்து இறுகி, கண்ணில் தண்ணீர் வழியும். "சந்திரகலா இல்லைன்னா இல்லதான்" என்று டாக்டர்கள் சொல்வார்கள். அவளுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். சாப்பாட்டு வேளையில் நர்சுகள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போனால் சொந்த அண்ணி அவளுக்கென்று தனிச் சொம்பு எடுத்து வைப்பாள். சளி நோண்டுகிற வேலை என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின.

மூன்றாவதாக வந்தவர் புகழேந்தி. கிரிவலப் பாதையில் ஒரு மெஸ்ஸில் சமையல் மாஸ்டர். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ வேலையைப் பற்றி இழுக்க, "கை கழுவிட்டு வந்தா போதும். நான் கூடத்தான் நாள் பூரா வெங்காயத்துல கெடக்கறேன்" என்று முடித்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் ஆறு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஒன்று எப்படியோ தொலைந்து ஐந்தாகிவிட்டது.

1996இல் சென்னையிலிருந்து டாக்டர் சக்கரபாணி வந்தார். காசநோய்க்குப் புதிதாக ஒரு பரிசோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தார். விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. நோயாளியின் எச்சிலைக் கொஞ்சம் கிண்ணத்தில் வாங்கி, பட்டையை அதில் நனைத்துப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் நோய் இல்லை. இரண்டு விழுந்தால் நோய்.

"ஊசி வேணாம்மா. ரத்தம் வேணாம். நெஞ்சு வலிக்க இருமிச் சளி எடுக்க வேணாம். மைக்ரோஸ்கோப்பே இல்லாத ஊர்ல கூட பத்து நிமிஷத்துல சொல்லிடலாம்" என்றார்.

சந்திரகலாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. சளி வராமல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பெண்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! இந்தப் பட்டை மட்டும் நிலைத்துவிட்டால் அவர்களுக்கு விடிந்துவிடும் என்று மனதார நம்பினாள்.

முதல் சோதனை ஆஸ்பத்திரி வார்டிலேயே நடந்தது. நோய் உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த எண்பது பேர். வார்டில் டி.பி. நோயாளியை நடத்துகிற விதம் தெரிந்ததுதானே. ஆயா வாசலிலேயே நின்று கிண்ணத்தைக் காலால் உள்ளே தள்ளி, "துப்பி வெய்யி" என்று கத்திவிட்டுப் போவாள். அவர்களும் துப்பி வைத்தார்கள். எண்பதில் எழுபத்தோரு பட்டைகளில் இரண்டு கோடு விழுந்தது. டாக்டர் சக்கரபாணி சின்னப் பிள்ளைபோல் அந்தப் பட்டைகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி வைத்து அழகு பார்த்தார். அடுத்தது கிராமங்களில் கேம்ப் என்றார்.

முதல் கேம்ப் 1997 பிப்ரவரியில், கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். வரிசையில் முதலில் நின்றவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்ட ஒரு பெரியவர். சந்திரகலா கிண்ணத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"உங்க கையில எப்டிம்மா எச்சிலக் குடுக்கறது? வெத்தலை போட்ட வாயி. இருங்க, கொப்புளிச்சுட்டு வந்துடறேன்."

குழாயைத் தேடிப் போய், மூன்று தரம் நன்றாகக் கொப்புளித்துவிட்டு வந்து, கையால் மறைத்துக்கொண்டு துப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் குழாய்க்குப் போனார். அதற்கடுத்த பெண்ணும் போனாள். எச்சில் பட்ட தட்டையே அடுத்தவர் தொட விடமாட்டார்கள். படித்த பெண் ஒருத்தி வெறுங்கையால் தங்கள் எச்சிலை வாங்கிக்கொள்கிறாள். அசுத்த வாயோடு கொடுக்க அவர்களுக்கு மனம் வருமா?

குழாய்க்கும் வரிசைக்கும் நடந்தே அரை நாள் போய்விட்டது. அடுத்த கேம்ப்புக்கு சந்திரகலா ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறையத் தண்ணீரும், வீட்டிலிருந்து அந்த ஐந்து டம்ளரும் கொண்டுபோனாள். வரிசையின் தலைப்பில் ஸ்டூல் போட்டு வைத்தாள். ஆளுக்கு ஒரு டம்ளர். கொப்புளித்துவிட்டு வந்தால் கிண்ணம் தயாராக இருக்கும். டாக்டர் சக்கரபாணி அந்த டிரம்மை போட்டோ எடுத்தார். "பாத்தியாம்மா, ஜனங்களோட பழகத் தெரிஞ்சவங்க இருந்தா எல்லாம் தானா நடக்கும்" என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு கேம்ப். நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் மாதக்கணக்கில் இருமலோடு இருந்தவர்கள். ஏழே பேருக்குத்தான் இரண்டு கோடு விழுந்தது.

சந்திரகலாவுக்கு உறுத்தியது. இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்று அவள் கண்ணாடியில் சிவப்பாகத் தெரியும். இங்கே என்ன இவ்வளவு கம்மி? கேட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க முத்திப்போய் வர்றவங்கம்மா. ஊர்ல இருக்கறவங்க வேற" என்றார் டாக்டர். சரியாகத்தான் பட்டது. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் படும். கூடவே நாலு பேரின் சளியை எடுத்துக் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். திட்டத்தில் அது இல்லை என்று விட்டுவிட்டாள்.

ஒரு கோடு விழுந்தவர்களுக்கு அச்சடித்த சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. பெயர், வயது, ஊர். கீழே 'காசநோய் இல்லை'. அதற்கும் கீழே கையெழுத்து. டாக்டருக்கு நேரமில்லை என்று அவளே போட்டாள். நானூற்று ஐந்து கையெழுத்து.

அதில் ஒன்று பாஞ்சாலையின் சீட்டு. முப்பத்திரண்டு வயது. மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மில்லில் வேலை. இருமல் வந்த நாளிலிருந்து மாமியார் தட்டையும் சொம்பையும் பிரித்து, மாட்டுக் கொட்டாயில் பாய் போட்டுவிட்டாள். எட்டு மாதம் மாட்டோடு படுத்தவள் சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாததால் மூன்று தரம் சந்திரகலாவையே படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப மில்லு தூசிதானா நர்சம்மா?"

"தூசிதான். மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை செய்யுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு. எழில்னு பேரு, பத்து வயசு. எட்டு மாசமா கிட்ட சேக்கல. இனிமே பக்கத்துல படுக்க வெச்சுக்கலாமா?"

"தாராளமா."

பாஞ்சாலை அங்கேயே அவள் காலில் விழுந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் புகழேந்திக்கு இருமல் வந்தது. அடுப்புப் புகை என்றார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போனது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். சளி அறை வாசலில் மெஸ் மாஸ்டர் நின்றார் என்று தெரிந்தால் மறுநாள் மெஸ்ஸில் அவர் கரண்டி பிடிக்க முடியாது. "உங்க பட்டை ஒண்ணு எடுத்தாயேன், வீட்டுலயே பாத்துடலாம்" என்றார். கொண்டுவந்தாள். சுத்தக்காரர் மனுஷன். குழம்பை உப்புப் பார்த்தால்கூட வாய் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திரத்திடம் போவார். முற்றத்தில் நின்று நன்றாகக் கொப்புளித்துவிட்டு வந்து துப்பினார். ஒரு கோடு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

நாலு மாதம் கழித்து, பௌர்ணமிக் கூட்டத்துக்காக அரிசி மூட்டையை இறக்கும்போது ரத்தமாக இருமினார்.

சந்திரகலா டப்பாவைக் கொடுத்து, சளி வாங்கி, தானே கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டாள். முதல் இடத்திலேயே சிவப்பு. அப்படித் தெரிந்தால் அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் நூறு இடமும் பார்த்தாள். ஒன்பது வருஷமாக ஊரார் சளியைப் பார்த்த கண். சொந்தப் புருஷன் எதிரிலேயே ஆறு மாதமாக இருமியிருக்கிறார். அவள் பட்டையை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். மைக்ரோஸ்கோப்பின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அன்று மதியம் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது என்ன சொல்கிறது பார்ப்போம் என்று ஒரு வெறி. அவள் கிண்ணத்தை எடுத்ததும் புகழேந்தி தள்ளாடி எழுந்து முற்றத்துக்குப் போய்க் கொப்புளித்துவிட்டு வந்தார். ஒரு கோடு. நோய் இல்லையாம்! பட்டையை விசிறி எறிந்தாள். எறிந்த பிறகுதான் முற்றத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த டம்ளர் கண்ணில் பட்டது. ஒரு மணி நேரம் அவரை எழுந்திருக்க விடவில்லை. அதன்பிறகு, கொப்புளிக்காமல் அப்படியே துப்பச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் இரண்டு கோடு விழுந்தது. பளிச்சென்று விழுந்தது.

வார்டில் ஒருவரையும் மனுஷராக மதிக்கவில்லை. கொப்புளிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. பட்டை வேலை செய்தது. கேம்ப்பில் மரியாதையாக டம்ளர் கொடுத்தாள். கொப்புளித்ததில் எச்சில் நீர்த்துப்போய், பட்டை அந்த நானூறு பேரில் நோய் உள்ளவர்களுக்கும் இல்லை என்று பொய் சொன்னது.

மறுநாளே டாக்டர் சக்கரபாணியிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெரிய விஷயத்தக் கண்டுபிடிச்சிருக்கம்மா நீ" என்றார். ஒரு நிமிஷம் அவளுக்கு உயிர் வந்தது. "கேம்ப் கணக்க மொத்தமா எடுத்துடலாம். வார்டு கணக்கு சுத்தமா இருக்கு. அது போதும்."

"சார், அந்த நானூத்தி அஞ்சு பேரு? நோய் இல்லைன்னு சீட்டு குடுத்துட்டோமே. திரும்பக் கூப்பிட்டு சளி பாக்கணும் சார்."

"அது ஆராய்ச்சிக்குள்ள வராதும்மா. இருமல் நிக்கலைன்னா அவங்களே வருவாங்க."

"வரமாட்டாங்க சார். நான் இல்லைன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

ஆஸ்பத்திரி வேனைக் கேட்டுப் பார்த்தாள். ஆபீசில் இருந்தவர், "ஊர் ஊரா போயி நாங்க தப்பு பண்ணிட்டோம்னு மைக் போடச் சொல்றியா?" என்று கேட்டார். சில மாதங்களில் டாக்டரின் அறிக்கை அச்சாகி வந்தது. இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். களப்பணியாளரின் செயல்முறைப் பிழை காரணமாக கேம்ப் முடிவுகள் நீக்கப்பட்டன என்று ஒரே ஒரு வரி. எண்பதுக்கு எழுபத்தொன்று என்பது மட்டும் பெரிய எழுத்தில் நின்றது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. அந்தக் களப்பணியாளரும் இந்தச் சந்திரகலாவும் ஒரே ஆள் என்று படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துக்கொண்டாவது இருக்கலாம்.

கேம்ப் ரிஜிஸ்டரை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திரகலா அதையும் ஒரு பை நிறைய டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒன்றரை வருஷம் அலைந்தாள். இருநூற்று அறுபது பேரைக் கண்டுபிடித்தாள். பத்தொன்பது பேருடைய கண்ணாடி சிவப்பாக வந்தது. ஆறு வீடுகளில் அவள் போவதற்குள் காரியம் முடிந்து படம் மாட்டியிருந்தது. அந்த வீடுகளில் அவளுக்கு மோர் கொடுத்து உபசரித்தார்கள். ஏன் வந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பாஞ்சாலையின் வீட்டுக்கு 1998 ஆடி மாதத்தில் போனாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, கண் உள்ளே போய், பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் எழில் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"பாஞ்சாலை, அந்தப் பரிசோதனை தப்பாயிடுச்சு. இந்த டப்பால சளி குடு. நானே பாத்து சொல்றேன்."

பாஞ்சாலை உள்ளே போய் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த சீட்டை எடுத்துவந்தாள். "இது நீங்க போட்ட கையெழுத்துதானே?"

"நான்தான் போட்டேன். தப்பா போட்டுட்டேன்."

"இன்னா நர்சம்மா வெளயாடறீங்க? இத்தக் காமிச்சுத்தான் என்ன வூட்டுக்குள்ள சேத்தாங்க. இப்ப தப்புன்னா மறுபடியும் கொட்டாய்ல போயி மாட்டோட படுக்கவா? எம்பொண்ண மறுபடியும் எட்ட நிக்க வெக்கவா?" இருமல் வந்து பேச்சை அடைத்தது. அடங்கியதும், "இது மில்லு தூசி. நீங்கதான் சொன்னீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்னும் நாலு தரம் போனாள். பாஞ்சாலையின் புருஷன் மூர்த்தியிடம் கெஞ்சினாள். "அது சொன்னாக் கேக்காதும்மா" என்றார் அவர். கடைசி முறை போனபோது பாஞ்சாலை வெளியிலேயே வரவில்லை.

புகழேந்தி பிழைத்துக்கொண்டார். எட்டு மாதம் மாத்திரை ஒன்று தவறாமல் எண்ணி விழுங்க வைத்தாள். மெஸ் வேலை போய்விட்டது. வேங்கிக்கால் பக்கம் ஒரு வீட்டுக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். புதுப்பாளையத்தில் ஒருவர், மங்கலத்தில் ஒருத்தி என்று அவள் கையெழுத்தால் செத்தவர்கள் வீட்டில் சளிக் கண்ணாடி பார்க்கத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "தெய்வந்தான் உங்க ஊட்டுக்காரரக் காப்பாத்துச்சு" என்று சொன்னபோது சந்திரகலாவுக்குப் பளாரென்று அறையலாம் போலிருந்தது.

2001இல் ஒரு திங்கட்கிழமை காலை, அறை வாசலில் மூர்த்தி நின்றார். பக்கத்தில் எழில். பதினாலு வயசு. தாவணி தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள்.

"அது போயி எட்டு மாசம் ஆவுது நர்சம்மா" என்றார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சீட்டு. "இத இன்னா பண்றதுன்னு தெரியல. கிழிக்கவும் மனசு வரல. நீங்க போட்டதாச்சே, உங்க கிட்டயே குடுத்துடலாம்னு கொண்டாந்தேன்." திட்டியிருந்தால் தேவலை. அந்த மனுஷன் கை கட்டிக்கொண்டு பேசினார். "இதுக்கும் இப்ப ஒரு மாசமா இருமல். இதுவும் தூசிதானோ என்னவோ, பாத்துச் சொல்லுங்க."

சந்திரகலா டப்பாவை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். எழில் வாங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். கேம்ப் முடிந்ததிலிருந்து ஜன்னல் ஓரத்தில் கவிழ்ந்தே கிடந்த அந்த ஐந்து டம்ளர்களில் அவள் பார்வை நின்றது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க நர்சம்மா. வாய் கொப்புளிச்சுட்டு குடுக்கறேன்."

சளி பார்க்க வாய் கொப்புளித்தால் ஒரு கெடுதலும் இல்லை, நல்லதுதான். சந்திரகலாவுக்கு அது தெரியும். பானை நிறையத் தண்ணீர் இருந்தது. டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"தண்ணி இல்ல" என்றாள். வாழ்நாளில் முதல் முறையாகச் சொன்னாள். "அப்படியே துப்பும்மா."

பிள்ளை கூசிப்போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்து இருமித் துப்பிக் கொடுத்தாள்.

சாயம் ஊற்றிக் கழுவிக் காய வைத்து, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். நூறு இடம் பார்க்க வேண்டியிருக்கவில்லை; சீக்கிரமே நிமிர்ந்தாள். ரிஜிஸ்டரில் எழுதினாள். சீட்டு எழுதினாள். எழில், 14, கீழ்பென்னாத்தூர். கீழே கையெழுத்துப் போட்டு மூர்த்தியிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். எழுத்துத் தெரியாதவர். மேசைமேல் கிடந்த பழைய சீட்டைப் பார்த்தார். கையிலிருந்த புதுச் சீட்டைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து இருந்ததில் அவர் முகம் தெளிந்தது.

"இதுலயும் இல்லைன்னுதானே போட்டிருக்கீங்க நர்சம்மா?" என்று கேட்டார்.